எழுத்துள்ள பொருளும் வசனம்தான்: தமிழ்த் திரை இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் இணையத் தொடரும் எடுக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தயாரிப்பு நிர்வாகிகளுக்கும், கலைத்துறையில் பெயர்ப்பலகை, காகிதப் பொருள், செல்போன் மற்றும் கம்ப்யூட்டர் திரை ஆகியவற்றைச் செய்து தருபவர்களின் வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். காட்சியில் எழுத்து தெரியும் பொருள் எதுவானாலும் அதை வசனமாக நடத்துங்கள். வசனத்தை யார் எழுதுவது, யார் பார்த்துச் சரி சொல்வது, எப்போது முடிப்பது என்று படப்பிடிப்புக்கு முன்பே தீர்மானித்துவிடுகிறீர்கள். கதாநாயகி பிரித்துப் படிக்கும் கடிதத்துக்கும், வில்லன் போனுக்கு வரும் மெசேஜுக்கும், காவல் நிலையச் சுவரில் தொங்கும் பலகைக்கும் அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. ஷாட் வைக்கும் அன்று காலையில் "ஒரு லெட்டர் வேணும்" என்று ஆள் வருகிறது. ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அடித்து, மடித்து, நடிகர் கையில் கொடுக்கிறோம். அதுவே திரையரங்கில் வீட்டுச் சுவர் அளவுக்கு விரிந்து நிற்கிறது. வீட்டில் பார்ப்பவர் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்கிறார். கடிதத்தின் அடியில் 'வருத்தத்துடன்' என்பது 'வருத்ததுடன்' என்று இருந்தால் அந்தக் காட்சியின் அழுகை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. நாள்தான் தேவை.

முதல் வேலை, திரைக்கதையை எழுத்துக்கென்றே ஒருமுறை தனியாகப் படிப்பது. 'மருத்துவமனையில் மகள் அப்பாவைப் பார்க்கிறாள்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் வாசல் பெயர்ப்பலகை, வார்டு எண், 'செருப்பை வெளியே விடவும்', கட்டில் முனையில் தொங்கும் கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே உறை, குளுக்கோஸ் பாட்டிலின் லேபிள், மாத்திரை அட்டை, நாடித்துடிப்பு ஓடும் மானிட்டர், நாள்காட்டி, பில், பார்வையாளர் பாஸ் என்று பன்னிரண்டு பொருள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காட்சி எண், கதை நடக்கும் தேதியும் மணியும், யார் கையில் வருகிறது, கேமரா எவ்வளவு நெருங்குகிறது, எத்தனை பிரதி என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. இதில் கதை நடக்கும் தேதியைத்தான் பெரும்பாலான திரைக்கதைகள் சொல்வதே இல்லை. அதை நீங்கள் சொல்லாவிட்டால் மருந்துச் சீட்டு ஒரு தேதியையும், பில் இன்னொரு தேதியையும், போனின் கடிகாரம் மூன்றாவது நேரத்தையும் காட்டும். மூன்றையும் செய்தவர்கள் மூன்று வேறு ஆட்கள். ஒருவருக்கும் மற்றவர் என்ன போட்டார் என்று தெரியாது.

பிரதி எண்ணிக்கையிலும் எப்போதும் தகராறுதான். கிழிக்கிற, எரிக்கிற, நனைக்கிற காகிதத்துக்கு நீங்கள் எதிர்பார்க்கும் டேக் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அதற்கு மேல் ரிகர்சலுக்கு இரண்டு, பொருளை மட்டும் நெருங்கிக் காட்டும் இன்சர்ட் ஷாட்டுக்கு அழுக்குப் படாத ஒன்று. கையால் எழுதிய கடிதமாக இருந்தால் ஒன்றை மட்டும் முழுதாக எழுதி, ஸ்கேன் செய்து, அதே காகிதத்தில் மற்றவற்றை அச்சிடுவோம். பிறகு ஒவ்வொன்றிலும் முதல் நான்கு வரியின் மேல் அதே பேனாவால் ஓட்டுவோம். அப்போதுதான் குளோசப்பில் மை மினுங்கும், பேனா அழுந்திய தடம் தாளின் பின்பக்கம் தெரியும். மடிப்பும் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்கு ஓர் அட்டை அச்சு வைத்துக்கொண்டு மடிப்போம். இதெல்லாம் அரை நாள் வேலை. காலையில் சொல்லி மதியம் கேட்டால் ஒரே ஒரு கடிதம்தான் வரும், அதுவும் முதல் டேக்கில் கிழிந்துவிடும்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. எழுதும் கை தெரியப்போகிறது என்றால், அந்த நடிகர் ஒப்பந்தமான வாரத்திலேயே அரைப்பக்கம் அவர் கைப்பட எழுதி வாங்கிக் கொடுங்கள். அதைப் பார்த்து எழுதக்கூடியவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர் இடது கைக்காரரா என்பதையும் சொல்லிவிடுங்கள். கடிதம் முழுக்க வலப்பக்கம் சாய்ந்த எழுத்தாக இருந்து, ஷாட்டில் அவர் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பழைய காலக் கதைகள். இங்கேதான் அதிகம் தவறுகிறது, இங்கேதான் அதிகம் அழகும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கிய வடிவத்தில் இருந்தன. ணா, றா, னா மூன்றும், அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகள் ஆறும் சுழித்துக்கொண்டு போகும். மொத்தம் 13 எழுத்து. இன்று கம்ப்யூட்டரில் எந்தச் சாதாரண ஃபாண்டைத் தட்டினாலும் புது வடிவம்தான் வரும். ஆகவே 1965-ல் நடக்கும் கதையின் சுவரில் 'விற்பனை' என்ற சொல் புது 'னை'யோடு நின்றால் அந்தச் சுவர் பொய். பழைய வடிவம் தரும் ஃபாண்டுகள் உண்டு. கிடைக்காவிட்டால் பழைய அச்சிலிருந்து எழுத்தை எடுத்து வரைந்துகொள்ளலாம்.

ஆனால் இதையே கண்ணை மூடிக்கொண்டு விதியாக்கினாலும் தவறு வரும். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் இந்தச் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 1950-களின் கதையில் ஒரு பாத்திரம் 'விடுதலை' நாளிதழை விரித்துப் படித்தால், அதில் புது 'லை' இருப்பதுதான் சரி. அதே அறையில் கிடக்கும் வார இதழில் பழைய 'லை' இருக்க வேண்டும். மறுபக்கம், 1985-ல் நடக்கும் கதையில் அரசு அலுவலகக் கடிதமும் பள்ளிப் பாடநூலும் புது எழுத்தில் இருக்கும், தெருமுனைக் கடையின் பலகை பழைய எழுத்திலேயே இருக்கும். ஏனென்றால் அதை அப்பா காலத்தில் எழுதியது, யாரும் அழித்து எழுதவில்லை. ஒரு தெருவுக்கு வயது வருவது இந்தக் கலவையால்தான். செட்டில் எல்லாப் பலகையும் ஒரே ஆண்டில் எழுதியதுபோல இருந்தால் அது தெருவாகத் தெரியாது, பொருட்காட்சியாகத் தெரியும்.

ஒரு காகிதத்தையோ பலகையையோ காட்டிக்கொடுக்கும் ஆண்டுகள் இன்னும் சில உண்டு. 1957 ஏப்ரல் 1 வரை விலைப்பலகையில் அணா. அன்றிலிருந்து நயா பைசா. 1964 ஜூன் முதல் வெறும் பைசா. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-ல். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 1968-ல் போட்ட கடிதத்தின் உறையில் 'சென்னை-4' என்று இருக்கலாம், ஆறு இலக்கம் இருக்கக்கூடாது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, வண்ணம் 1982-ல் வந்தது. 'டிஎன்' என்று தொடங்கும் வண்டி எண், 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு. ரூபாய்க் குறியீடு 2010 ஜூலைக்குப் பிறகு. தந்தி 2013 ஜூலையோடு சரி. கடை பில்லில் ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 முதல். 'மெட்ராஸ்' ஆங்கிலத்தில் 'சென்னை' ஆனது 1996-ல். ஆனால் தமிழில் அதற்கு வெகுகாலம் முன்பே 'சென்னை' என்றுதான் எழுதி வந்தார்கள். எனவே 1980 கதையின் தமிழ்ப் பலகையில் 'மெட்ராஸ்' என்று வலிந்து எழுதச் சொல்லாதீர்கள்.

தபாலில் வந்த கடிதத்தின் உறையில் ஸ்டாம்ப் மட்டும் போதாது. அதன் மேல் அனுப்பிய ஊரின் முத்திரை, பின்பக்கம் சேர்ந்த ஊரின் முத்திரை, இரண்டிலும் தேதி. இரண்டு தேதிக்கும் இடையே கடிதம் பயணம் செய்த நாள் இருக்க வேண்டும். ஸ்டாம்பைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்திய பழைய ஸ்டாம்புகள் சேகரிப்பவர்களிடம் எளிதாகக் கிடைக்கின்றன, அவற்றுக்கு இருக்கும் நிறம் எந்தப் பிரிண்டருக்கும் வராது.

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாத தமிழ் வீடே நம் படங்களில் கிடையாது. தேதியும் கிழமையும் 28 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1975 ஆகஸ்ட் 15-ம் வெள்ளிக்கிழமை. ஆகவே பழைய மாத நாள்காட்டி ஒன்று கையில் இருந்தால் எந்த ஆண்டுக்கு அது பொருந்தும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கிழிக்கும் நாள்காட்டிக்கு அந்தக் குறுக்குவழி செல்லாது. அதில் திதி, நட்சத்திரம், தமிழ் மாதத் தேதி, தமிழ் ஆண்டின் பெயர் எல்லாம் இருக்கின்றன, இவை 28 ஆண்டில் திரும்புவதில்லை. அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் தாளை அமைக்க வேண்டும். ராகு காலம் மட்டும் கிழமையோடு போகும்: திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை, ஞாயிறு 4.30 முதல் 6 வரை. வெள்ளிக்கிழமைத் தாளில் திங்களின் ராகு காலம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க நம் வீடுகளில் பாட்டிமார் போதும். காட்சி மாறி மூன்று நாள் கழிந்தால் மூன்று தாள் கிழிய வேண்டும். அதற்காகத்தான் தேதி கேட்கிறோம்.

பலகைகளுக்கு வருகிறோம். ஃப்ளெக்ஸ் பேனர் பரவலானது 2000-க்குப் பிறகு. அதற்கு முந்தைய தெருவை எனாமல் பெயின்டில் பிரஷ் பிடித்து எழுதும் ஓவியரை வைத்துத்தான் செய்ய வேண்டும். பிரஷ் எழுத்துபோல இருக்கும் ஃபாண்டில் அடித்து ஒட்டினால் லாங் ஷாட்டில் தப்பிக்கலாம். கொஞ்சம் நெருங்கினால் பலகையில் வரும் ஐந்து 'க'வும் அச்சு அசலாக ஒரே 'க'வாக இருப்பது தெரிந்துவிடும். கை எழுதும்போது இரண்டு 'க' ஒருபோதும் ஒன்றாக வராது, வரி முடியும் இடத்தில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஏஜிங் செய்யும்போது எழுத்து காய்ந்த பிறகுதான் செய்ய வேண்டும். பழசாக்கிய பலகை மேல் புது எழுத்தை எழுதினால் எழுத்து மட்டும் தனியாக மிதக்கும். துருவின் கசிவு ஆணிக்குக் கீழே இறங்கும், மழைத்தடம் மேல் விளிம்பிலிருந்து தொடங்கும், வெயில் பட்ட பக்கம் சிவப்புதான் முதலில் வெளுக்கும். காகிதத்துக்கும் இதே மாதிரிதான். டீத் தண்ணீரில் முக்கி எடுப்பது நல்ல வழி, ஆனால் சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் ஓடிவிடும். லேசர் பிரிண்டாகவோ ஆஃப்செட்டாகவோ இருக்க வேண்டும். ஓரத்தைத் தீயில் சுடுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். பழைய காகிதம் எரிந்திருக்காது. ஓரம் பழுத்திருக்கும், மடிப்பில் அழுக்கேறியிருக்கும், கட்டைவிரல் படும் மூலை மழுங்கியிருக்கும்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பும் இதோடு. உள்ளே விளக்கெரியும் கடைப்பலகையைச் செட்டின் ப்ளைவுட் சுவரில் திருகி மாட்டச் சொல்லும் நேரம் வரும். 6 மி.மீ. ப்ளைவுட் அந்த எடையைத் தாங்காது. பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் போல்ட் போட்டு, தனியாக ஒரு சங்கிலியும் மேலே கட்ட வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது அந்தச் சங்கிலிதான். கீழே நிற்பவர் நடிகர்.

பணம், அடையாள அட்டை, எண்கள் ஆகியவற்றில் தவறு செய்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும், ஆகவே இதை உங்கள் சட்ட ஆலோசகரும் படிக்கட்டும். ரூபாய் நோட்டைப் போன்ற எதையும் அச்சிடுவது இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-வது பிரிவின்படி குற்றம். குளோசப்புக்கு உண்மையான நோட்டு வையுங்கள். கட்டாகக் காட்ட வேண்டுமென்றால் மேலும் கீழும் உண்மை நோட்டு, நடுவில் அதே அளவில் வெட்டிய வெற்றுத்தாள். இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். வெள்ளைத்தாள் பக்கவாட்டில் பளிச்சென்று தெரியும் என்பதால் லேசாகச் சாம்பல் நிறம் பூசிய தாளை வெட்டுவோம். 2016-ல் செல்லாமல்போன பழைய 500, 1000 நோட்டுகளைத் தேடிப் பெட்டி நிறைய வாங்கி வரச் சொல்லவும் கூடாது. 2017-ல் வந்த சட்டப்படி ஒருவர் அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது; ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை.

பணப்பெட்டியின் எடையையும் பாருங்கள். ஒரு கோடி ரூபாய், 500 ரூபாய்த் தாளில், 20,000 தாள். நூறு நூறாகக் கட்டினால் 200 கட்டு. தாளுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலே இருபது கிலோ. அதை நாயகன் ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு போனால், பெட்டிக்குள் தெர்மாகோல் இருப்பது கடைசி வரிசை வரைக்கும் தெரியும். நாங்கள் பெட்டிக்குள் எடை வைத்துத் தருகிறோம். நடிகர் சிரமப்படுவார் என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

செல்போன் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தோம். ஆனால் படத்தில் காட்டிய எண்ணின் உண்மையான சொந்தக்காரருக்கு ஓயாமல் அழைப்பு வந்து, அது வழக்காகவும் ஆகியிருக்கிறது. நம் நாட்டில் செல்போன் எண் 6, 7, 8, 9-ல் தொடங்கும். திரையில் ஒரு நொடி வரும் எண்ணுக்கு வேறு இலக்கத்தில் தொடங்கினால் போதும். எண் கதைக்கு முக்கியம், வசனத்தில் வருகிறது என்றால் தயாரிப்பு நிறுவனமே ஒரு சிம் வாங்கி, படம் வெளியான பிறகும் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆதார் எண் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. ஆகவே நாங்கள் போலி எண்ணை அந்த இரண்டில் ஒன்றால் தொடங்குவோம். கடை பில்லில் போடும் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். அந்த 33-ஐ வைத்துக்கொண்டு கடைசி எழுத்தை வேண்டுமென்றே தவறாகப் போட்டால் பார்க்க உண்மையாகவும் இருக்கும், யாருடைய எண்ணாகவும் இருக்காது. கியூஆர் கோடு இருந்தால் பார்ப்பவர்கள் நிச்சயம் ஸ்கேன் செய்வார்கள். ஏதோ கடை வாசலில் எடுத்த கோடு அப்படியே படத்தில் வந்தால், அந்தக் கடைக்காரரின் வங்கிக் கணக்கைத் திரையிட்டுக் காட்டுகிறீர்கள் என்று பொருள். கம்பெனி, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் பெயரை மூன்று மாற்றோடு எங்களுக்குக் கொடுங்கள். வர்த்தக முத்திரைப் பதிவேட்டிலும் நிறுவனப் பதிவேட்டிலும் தேடிப் பார்த்து, மோதாத ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வில்லனின் மருத்துவமனைக்கு எங்கோ உண்மையாகவே ஒரு மருத்துவமனை இருப்பது டப்பிங் முடிந்த பிறகு தெரியவந்தால், பலகையை சிஜியில், அதாவது கம்ப்யூட்டர் வரைகலையில், மாற்றலாம். வாயசைவை மாற்ற முடியாது.

இனி திரைகள். போன், கம்ப்யூட்டர், டிவி. 'போஸ்டில் பார்த்துக்கலாம்', அதாவது படப்பிடிப்புக்குப் பிறகு கம்ப்யூட்டரில் படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திரையில் பச்சைத் தாளை ஒட்டிவிட்டு நகர்வதுதான் இன்றைய வழக்கம். கையில் பிடித்த போனுக்கு அது மிக மோசமான வழி. பச்சை வெளிச்சம் நடிகரின் தாடையிலும் கண்ணாடியிலும் விழும், விரல் திரையின் மேல் போகும் ஒவ்வொரு பிரேமையும் யாரோ உட்கார்ந்து வெட்ட வேண்டும், கண்ணாடியில் இயல்பாக விழும் பிரதிபலிப்பு போய்விடும். எல்லாவற்றையும்விட, நடிகர் எதைப் பார்த்து முகம் மாற வேண்டுமோ அது அங்கே இல்லை. முன்கூட்டியே சொன்னால் உண்மையான போனில் ஓடும்படி செய்து தருவோம். திரையில் எங்கே தொட்டாலும் அடுத்த கட்டத்துக்குப் போகும். நடிகர் சரியான பொத்தானைத் தேட வேண்டியதில்லை, கண் நடிப்பிலேயே இருக்கலாம். சிஜிதான் வேண்டும் என்று முடிவானால் முழுப் பச்சை வேண்டாம்: அடர்சாம்பல் திரை, நான்கு மூலையிலும் சிறு சிலுவைக் குறி, அவ்வளவு போதும்.

ஷாட்டுக்கு முன் போனில் செய்ய வேண்டியது: ஏரோப்ளேன் மோட், தானாக வெளிச்சம் மாறுவதை நிறுத்துவது, இரவு நேர மஞ்சள் வெளிச்சத்தை நிறுத்துவது, தானாக அணைவதை நிறுத்துவது. மேல் பட்டையில் வரும் மணியும் பேட்டரியும் நாங்கள் வரைந்ததாக இருக்க வேண்டும், போனுடையதாக இருக்கக்கூடாது. இரவு இரண்டு மணிக் காட்சியைப் பகல் பதினொன்றுக்கு எடுக்கும்போது அந்த மூலைதான் காட்டிக்கொடுக்கும். வெளிச்சத்தைக் குறைப்பதாக இருந்தால் போனின் வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். பல திரைகள் விளக்கை வேகமாக அணைத்து எரித்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன, அது கேமராவில் துடிப்பாகப் பதியும். வெளிச்சம் முழுதாக இருக்கட்டும். படத்தில் உள்ள வெள்ளையை 75 அல்லது 80 விழுக்காட்டுச் சாம்பலாக நாங்கள் இறக்கித் தருகிறோம். மஞ்சள் விளக்கு போட்ட அறையில் கம்ப்யூட்டர் திரை நீலமாகத் தெரிவதும் வழக்கமான சிக்கல். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவில் நீலம் கலந்த திரை 6500 கெல்வின், மஞ்சள் விளக்கு 3200 கெல்வின். கேமராமேன் எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறார் என்று முதல் நாளே தெரிந்தால் திரையில் ஓடும் படத்தையே அதற்கேற்ப மஞ்சள் பக்கமாக மாற்றிவிடலாம். திரையில் அலையலையாகக் கோடு வந்தால் கேமராவை இரண்டடி நகர்த்துவதோ, கோணத்தைச் சற்று மாற்றுவதோ, ஃபோகஸைத் திரையிலிருந்து ஒரு மயிரிழை விலக்குவதோ உதவும். பழைய பெட்டி டிவியை நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் கரும்பட்டை உருளும். நம் ஊர் டிவி நொடிக்கு 50 துடிப்பு. 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் உருளாது. அதற்கு வழியில்லை என்றால் பழைய பெட்டிக்குள் எல்சிடி பேனல் வைத்து, முன்னால் வளைந்த அக்ரிலிக் பொருத்தித் தருகிறோம்.

போன் திரைக்குள் இருக்கும் உள்ளடக்கத்துக்கு வருவோம். கணவன் மனைவியாகப் பத்து வருடம் வாழ்ந்தவர்கள். ஒருநாள் அவன் 'நான் போகிறேன்' என்று மெசேஜ் அனுப்புகிறான். திரையில் அதுதான் முதல் மெசேஜ், மேலே வெறுமை. அவர்கள் அதற்கு முன் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதே இல்லை என்று அந்தத் திரை சொல்கிறது. அதற்கு மேலே 'பால் வாங்கிட்டு வாங்க', 'கேஸ் புக் பண்ணியாச்சா', பாப்பாவின் போட்டோ ஒன்று, பதில் வராத இரண்டு வரி என்று இருந்தால், 'நான் போகிறேன்' என்பது இறங்கும் இடமே வேறு. இந்த நான்கு வரியை எழுத வேண்டியவர் வசனகர்த்தா. எங்களிடம் விட்டால் எழுதுவோம். ஆனால் அந்தப் பாத்திரங்களை எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். யார் எந்த எழுத்தில் தட்டுகிறார்கள் என்பதும் அப்படியே. கல்லூரிப் பெண் தங்கிலீஷில் அடிப்பாள். தமிழாசிரியர் ஒற்றுப்பிழை இல்லாமல் அடிப்பார். பாட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். மூவரும் ஒரே நடையில் அடித்தால் மூவரும் ஒரே ஆள்.

எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் அளவு: வாய்விட்டு இரண்டு முறை படிக்க ஆகும் நேரம். பத்துச் சொல்லுக்கு மேல் போனால் பார்ப்பவர் படிப்பதை நிறுத்திவிட்டு நடிகரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். தொடர் எடுப்பவர்கள் மேல் மூலைகளையும் கீழ்ப்பகுதியையும் காலியாக விடுங்கள். அங்கே சேனலின் சின்னமும் அடுத்த நிகழ்ச்சியின் பட்டையும் வந்து உட்காரும்.

தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் உடைவது பற்றி எடிட்டர்களும் சிஜி செய்பவர்களும் படிக்க வேண்டிய பகுதி இது. சில எடிட்டிங், அனிமேஷன் மென்பொருள்களில் தெற்காசிய மொழிக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழும். 'பொய்' என்பதன் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்க ஃபாண்டில் அடித்த கோப்பு, அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஆகவே எழுத்தை எழுத்தாக அனுப்ப மாட்டோம், ஃபாண்ட் தேவைப்படாத வரைபடமாக, கோட்டுருவமாக மாற்றித்தான் அனுப்புவோம். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள், இரவோடு இரவாக அங்கேயே யாரையாவது வைத்துத் தட்டிக்கொள்ளாதீர்கள். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல வைக்க முடியாது. மேலே இகரக் கொக்கி, கீழே உகரச் சுழி என்று இரண்டு பக்கமும் இடம் வேண்டும். எழுத்தின் அளவுக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் மூச்சுவிடும்.

பிழை திருத்தத்துக்கு ஒருவரை வையுங்கள். முழுநேரம் வேண்டாம், பட்டியல் முடிந்த அன்று ஒருமுறை, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை. தெருவோரக் கடைப்பலகையில் பிழை இருப்பது இயல்பு. அதை வேண்டுமென்றே வைத்தால் ஒப்புதல் தாளில் 'பிழை வேண்டுமென்றே' என்று எழுதிவிடுகிறோம், இல்லையென்றால் கடைசி நேரத்தில் யாரோ நல்ல மனத்தோடு திருத்திவிடுவார்கள். நீதிமன்றத் தீர்ப்பிலும் ஆட்சியர் கடிதத்திலும் அந்தச் சலுகை கிடையாது. அரசுக் கடிதத்துக்கு அதற்கான உடல் வேண்டும்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, கடித எண். இன்றைய அரசாணையில் தமிழ் ஆண்டோடு திருவள்ளுவர் ஆண்டும் வரும். ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டிக்கொள்ளலாம்.

நடைமுறையில் நாங்கள் கேட்பவை இவை. திரைக்கதை முடிந்ததும் எழுத்துள்ள பொருள்களைப் பட்டியலாகப் பிரித்தெழுத இரண்டு நாள். படப்பிடிப்புக்கு முன் மூன்று வாரம். ஒப்புதல் சொல்ல ஒரே ஒருவர், அதையும் எழுத்தில். இயக்குநர் சரி சொன்னதை இணை இயக்குநர் மாற்றி, அதைத் தயாரிப்பாளர் மாற்றினால் மூன்றாவது பிரதி மட்டும்தான் ஸ்பாட்டுக்கு வரும், அதுவும் தவறானதாக. திரையில் ஓடுபவை ஷாட்டுக்கு ஏழு நாள் முன் முடிந்துவிட வேண்டும். முக்கியமான திரைகளுக்கும் பலகைகளுக்கும், படத்தில் பயன்படுத்தப்போகும் அதே கேமரா, அதே லென்ஸில் அரை நாள் சோதனை. பட்ஜெட்டில் இதற்கென்று தனி வரி. டைட்டிலில் இதைச் செய்தவர்களின் பெயர். இப்போது அது கலை உதவியாளர்கள் பட்டியலிலும் இருப்பதில்லை.

கடைசியாக ஒரு டிரங்குப் பெட்டி. படப்பிடிப்பு முடிந்த அன்று கடிதங்களும் சீட்டுகளும் அட்டைகளும் குப்பையோடு போய்விடுகின்றன. நான்கு மாதம் கழித்து, விடுபட்ட ஷாட்டுகளை எடுக்கும் பேட்ச் வொர்க்குக்கு அதே கடிதம் வேண்டும் என்று போன் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, பயன்படுத்திய பேனா, மீதமுள்ள காகிதம், காட்சி எண் எழுதிய உறை, எல்லாக் கோப்பும் உள்ள ஒரு பென் டிரைவ். படம் வெளியாகும் வரை அந்தப் பெட்டியை உங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் வைத்து, சாவியை ஒருவர் பொறுப்பில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கலைத்துறையில் எழுத்தும் திரையும் செய்பவர்கள்